பணம் வந்துவிடும், கையெழுத்துக்கு யார் வருவார்?

(டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், நீங்க பேங்க்ல இருந்தவர், பணத்தைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பி.காம். படித்துவிட்டு குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் அதுதான் தெரியும். ஆனால் இன்று பணம் எங்கே வேலை செய்யும் என்பதைவிட, எந்த இடத்தில் வேலை செய்யாமல் நின்றுவிடும் என்பதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் குடியிருப்பில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நிறைய. அவற்றில் சில வீடுகளில் இன்னொரு பிள்ளையும் உண்டு. ஒரு பிள்ளை அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும். மற்ற பிள்ளை இங்கே அப்பா அம்மாவோடு இருக்கும். ஆட்டிசமோ, டவுன் சிண்ட்ரோமோ, மூளை முடக்குவாதமோ உள்ள, வயதால் வளர்ந்துவிட்ட பிள்ளை. அந்த வீட்டுப் பெற்றோரின் கவலை ஒன்றே ஒன்றுதான். "எங்களுக்குப் பிறகு?"

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அதே கவலை உண்டு. போனில் யாரும் அதைப் பேசுவதில்லை. "நான் பார்த்துக்கிறேன்ம்மா, பணத்துக்குக் கவலைப்படாதீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் "பார்த்துக்கொள்வது" என்றால் என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். யாரையும் குறிப்பிடவில்லை, நீங்களும் தேட வேண்டாம். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. மூத்த பெண் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறாள். தம்பிக்கு 38 வயது, டவுன் சிண்ட்ரோம். தன் வேலைகளைத் தானே செய்துகொள்வான், எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பான். ஆனால் பணக் கணக்கு, கையெழுத்து, ஒப்பந்தம் இதெல்லாம் அவனுக்குப் பிடிபடாது. அக்கா மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறாள். அந்த வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை.

ஒரு நாள் அப்பா குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். அக்கா உடனே பணம் போடுகிறாள், சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. யார் எடுப்பது? கணக்கு அப்பா பெயரில். ஓடிபி அப்பாவின் செல்போனுக்கு வருகிறது. அந்த போன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பியின் பெயரில் ஒரு டெபாசிட் இருக்கிறது, அதையாவது முறிக்கலாம் என்று அம்மா வங்கிக்குப் போகிறார். "உங்கள் மகனுக்கு 38 வயது. நீங்கள் அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது, பாதுகாவலர் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "நான் அவனைப் பெத்தவ" என்கிறார் அம்மா.

கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கும் அது கஷ்டமான நேரம்தான், நம்புங்கள். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பெற்றோரின் இயற்கையான பாதுகாவலர் உரிமை 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் அவன் முழு மனிதன். அது நல்ல விஷயம்தான். ஆனால் அவன் சார்பில் கையெழுத்துப் போட யாருக்கும், பெற்ற தாய்க்கும், தானாக உரிமை வராது.

இதற்காகத்தான் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இல் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் இதில் அடங்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் அறிவுசார் குறைபாடு என்ற பிரிவில் வருவார்கள். 18 வயது முடிந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கும்படி பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகிய மூவரும் கொண்ட உள்ளூர்க் குழு அதைப் பரிசீலித்துச் சான்றிதழ் தரும். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டு கணக்குத் தொடங்கவும் நடத்தவும் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

"சரி, அக்காவையே பாதுகாவலராகப் போட்டுவிடலாமே" என்பீர்கள். இங்கேதான் பல குடும்பங்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகளின்படி பாதுகாவலர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அக்கா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், கையில் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவள் இந்தியக் குடிமகள் இல்லை. குடியுரிமை விழாவில் கொடி பிடித்துப் போட்டோ எடுத்த அன்றே, தம்பிக்குப் பாதுகாவலராகும் வழி அடைபட்டுவிடுகிறது. குடியுரிமை வாங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது அவர்கள் வாழ்க்கை. ஆனால் வாங்குவதற்கு முன்போ பின்போ, இங்கே யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

"அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று சிலர் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிஷமே அந்தப் பவர் செல்லாது. அதாவது, எந்த நாளுக்காக அதை வாங்கி வைத்தோமோ அந்த நாளில் அது வெறும் காகிதம். தம்பியிடமே பவர் வாங்கலாம் என்றால், ஒப்பந்தம் புரியாத ஒருவர் பவர் கொடுக்க முடியாது.

"நான் அவனை என்னோடு அழைத்துக்கொண்டு போய்விடுவேன்" என்றும் சொல்வார்கள். பாசத்தில் சொல்வது. ஆனால் அமெரிக்காவில் உடன்பிறந்தவரை அழைத்துக்கொள்ள, குடியுரிமை பெற்றவர்தான் மனுப் போட முடியும். அந்தப் பிரிவில் இந்தியர்களுக்கான வரிசை 15 ஆண்டுகளுக்கு மேல் நீளும். ஆஸ்திரேலியாவில் விசாவுக்கான உடல்நல நிபந்தனையில், அந்த நபரின் பராமரிப்பு அரசுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்றே கணக்குப் பார்க்கிறார்கள். எல்லாம் கைகூடிப் போனாலும், 38 வருஷமாக இட்லிக் கடைக்காரரும் கோயில் குருக்களும் பெயர் சொல்லி அழைத்த ஒருவனை, பனி கொட்டும் ஊரில் யாரையும் தெரியாத வீட்டில் உட்கார வைப்பது அவனுக்கு நல்லதா என்று அவனிடமும் கேட்க வேண்டும். அவனுக்கும் ஒரு விருப்பம் உண்டு. நாம் பேசும் எல்லாக் கூட்டங்களிலும் அவனிடம் கேட்பது மட்டும்தான் விட்டுப்போகிறது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். பணம் கடல் தாண்டி வரும். கையெழுத்தும் ஆளும் அப்படி வர முடியாது. வெளிநாட்டில் இருப்பவர் எதைச் செய்ய முடியும், இங்கே இருப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்று பெற்றோர் நன்றாக இருக்கும்போதே பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் இங்கே செய்ய வேண்டியவை.

ஒன்று, பாதுகாவலர். இப்போதைக்குப் பெற்றோரே விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கலாம். அதோடு நிற்காமல், அடுத்தவர் யார் என்றும் முடிவு செய்யுங்கள். சித்தி மகனோ, அத்தை மகளோ, நெருங்கிய உறவில் ஒருவர். அவரிடம் நேரில் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். "அவன் மாட்டேன்னா சொல்லுவான்" என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது. இது வேலை உள்ள பொறுப்பு. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். கணக்குக் கேட்கிறார்களே என்று சலிக்காதீர்கள். நம் பிள்ளையின் பணத்துக்கு அதுதான் காவல்.

இரண்டு, ஓய்வூதியம். அரசு ஊழியர்களுக்கும் எங்களைப் போன்ற வங்கி ஓய்வூதியர்களுக்கும், தானே சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. வங்கிகளில் குடும்ப ஓய்வூதியத்தை உச்சவரம்பு இல்லாமல் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாக உயர்த்தப்போவதாக 2021இல் அறிவிப்பு வந்தபோது, பலரும் மனைவிக்கு எவ்வளவு வரும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டோம். அந்தப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று யோசியுங்கள். ஆனால் பிள்ளையின் பெயரும் மருத்துவச் சான்றும் ஓய்வூதிய ஆவணத்தில் முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும். தகப்பன் கையால் பதிவு செய்வது ஒரு கடிதம். தகப்பன் போன பிறகு மற்றவர்கள் நிரூபிப்பது ஒரு யுத்தம்.

மூன்று, அடையாளம். யு.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டை, ஆதார், பான் மூன்றும் அவன் பெயரில் இருக்க வேண்டும். பாதுகாவலர், உதவித்தொகை, ஓய்வூதியம் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது ஊனச் சான்றைத்தான். எதற்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் ரூ.1 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்காமல் பெறும் சிகிச்சையும் பயிற்சிகளும் அதில் அடங்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது.

நான்கு, சொத்து. வீட்டையும் டெபாசிட்டையும் நேராக அவன் பெயருக்கு எழுதிவிட்டால் அவனுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். நிர்வகிக்க ஆள் இல்லாத சொத்து பாதுகாப்பு ஆகாது. உயில் எழுதுங்கள். பெரிய சொத்து என்றால், அவன் நலனுக்காகவே ஒரு தனி அறக்கட்டளை ஏற்படுத்துவதைப் பற்றி வழக்கறிஞரையும் ஆடிட்டரையும் கேளுங்கள். எழுதும் விதத்தைப் பொறுத்து வரி மாறும். அக்கா அங்கிருந்தபடியே அறங்காவலர்களில் ஒருவராக இருக்கலாம். ஆனால் இன்னொருவராவது இங்கே வசிப்பவராக இருந்தால்தான் அன்றாட வேலை நடக்கும். நாமினி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அவ்வளவுதான்.

இனி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். டிசம்பர் விடுமுறைக்கு வந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தே சொல்கிறேன்.

வரும்போது மூன்று வேலை நாட்களை ஒதுக்கி வையுங்கள். கல்யாணம், பட்டுப் புடவை, திருப்பதி எல்லாம் இருக்கட்டும். ஒரு நாள் வங்கிக்கு, ஒரு நாள் மருத்துவருக்கு, ஒரு நாள் ஆட்சியர் அலுவலகத்துக்கு. அப்பா அம்மாவின் உள்நாட்டுக் கணக்கில் நெருங்கிய உறவான உங்களை, "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் சேர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி 2014இலேயே வழி செய்திருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, மேலாளரிடம் கேளுங்கள். உங்கள் என்.ஆர்.இ. கணக்கில் அப்பாவைச் சேர்த்தால் நிலைமை வேறு. நீங்கள் இருக்கும்வரை அவர் அதில் உங்கள் பவர் ஏஜென்டாகத்தான் பணம் எடுக்க முடியும். அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பினால், இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

வரிச் சலுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கான, நாம் 80டிடி என்று சொல்லிப் பழகிய கழிவு, இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில்தான். ரூ.75,000, கடுமையான குறைபாடு என்றால் ரூ.1,25,000. வெளிநாட்டில் இருக்கும் நீங்கள் அதைக் கேட்க முடியாது, அப்பா கேட்கலாம். நீங்கள் தம்பிக்கு அனுப்பும் பணம் உறவினர் அன்பளிப்பு. அதற்கு அவனுக்கு வரி இல்லை. அதில் வரும் வட்டி அவன் வருமானம்.

தூரத்தில் இருந்துகொண்டே நீங்கள் மிக நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அது நினைவு வைத்துக்கொள்வது. நிராமயா எப்போது புதுப்பிக்க வேண்டும், ஊனச் சான்று தற்காலிகமானதா, கேஒய்சி எப்போது, நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுத்தாயிற்றா, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது. இந்தப் பட்டியலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 74 வயது அப்பாவின் தலையிலிருந்து அந்தச் சுமையை இறக்கினால், அது நீங்கள் அனுப்பும் டாலரைவிடப் பெரிது.

இன்னொன்று, தம்பியோடு பேசுவது. நியூ ஜெர்சிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அக்கா எப்போதும் தன் இரவு எட்டரை மணிக்கே கூப்பிட்டால், தம்பிக்குக் காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த போன் மார்ச் மாதத்தில் திடீரென்று ஆறு மணிக்கு வரும். நமக்கு அது ஒரு மணி நேரம். ஒழுங்கு தவறினால் தவித்துப்போகும் ஒருவனுக்கு அன்றைய நாளே கெட்டுவிடும். ஆகவே கூப்பிடும் நேரத்தை நம் ஊர்க் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கோடையில் அக்கா ஒன்பதரை வரை விழித்திருக்கட்டும். அம்மாவிடம் பேசி முடித்து, கடைசியில் "அவன்கிட்ட குடு" என்று ஒரு நிமிஷம் பேசுவது வேண்டாம். அவனுக்கென்றே ஒரு அழைப்பு இருக்கட்டும். நாளை அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குப் பழகிய குரலாக மிஞ்சப்போவது உங்கள் குரல்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்ததையெல்லாம் அதில் எழுதுங்கள். எந்த மருந்து, எந்த நேரம், எந்த அளவு. வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்ய வேண்டும். எந்தச் சத்தம் பிடிக்காது. தயிர் சாதத்தில் ஊறுகாய் தொட்டுக்கொள்வானா, கலந்து சாப்பிடுவானா. கோபம் வந்தால் எந்தப் பாட்டைப் போட்டால் அடங்கும். காலில் வலி என்றால் அதை எப்படிச் சொல்வான், அல்லது எப்படிச் சொல்லாமல் இருப்பான். ஆடிட்டருக்கும் ஆட்சியருக்கும் இது தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும். ஒரு பிரதியை மகளுக்கு அனுப்புங்கள், ஒரு பிரதியை அடுத்த பாதுகாவலரிடம் கொடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

கடைசியாக நாம், அதாவது இந்தக் கட்டடத்தில் இருக்கும் மற்றவர்கள். "அது அவங்க குடும்ப விஷயம்" என்று ஒதுங்குகிறோம். பாதி மரியாதை, பாதி சங்கடம். ஆனால் நள்ளிரவில் அப்பா விழுந்தால், நியூ ஜெர்சியிலிருந்து அக்கா யாருக்கு போன் செய்வாள்? நமக்குத்தான். அந்த நேரத்தில் நாம் அந்தப் பிள்ளைக்கு முன்பின் தெரியாத முகமாக இருக்கக் கூடாது. அம்மா ஆம்புலன்ஸில் ஏறிப் போனால், அந்த இரவு அவன் யார் வீட்டில் படுப்பான்? அதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரை அவசரத்தில் தேடக் கூடாது. இப்போதே பழக வேண்டும்.

அதனால் லிஃப்டில் பார்த்தால் அவன் அம்மாவிடம் அல்ல, அவனிடமே "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். பொங்கல் விழாவில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதுபோல அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். இரவில் சத்தம் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் புகார் போடாதீர்கள், கதவைத் தட்டி "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவனோடு இருந்தால், அந்த அம்மா கோயிலுக்கோ பல் டாக்டரிடமோ போய்வருவார். பல வருஷமாக அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனையோடு முடிக்கிறேன். விருப்பம் உள்ள குடும்பங்கள் மட்டும் நிரப்பித் தரும்படி ஒரு பக்கப் படிவம் ஒன்று தயாரிக்கலாம். பிள்ளையின் பெயர், முக்கிய மருந்துகள், மருத்துவர், வெளிநாட்டில் இருப்பவரின் எண், பாதுகாவலரின் எண், அந்த முதல் இரவுக்குப் பொறுப்பேற்கும் இரண்டு அண்டை வீட்டார். மூடிய உறையில் செயலாளரிடம் இருக்கட்டும், அவசரத்துக்குத் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. இந்தக் குடும்பங்களுக்கு வங்கிப் படிவமோ விண்ணப்பமோ பூர்த்தி செய்ய உதவி வேண்டுமென்றால், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். கண்ணாடியும் பேனாவும் தயார். காபி என் மனைவி போடுவார், அவரிடம் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.